சூடம் அணைக்காதவள்

விஜயராணியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாசமெல்லாம் அதற்கு அப்புறம்.

அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறையில் ரொம்ப வருடமாகக் குடியிருக்கிறோம். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. செங்கல் மிச்சம் பிடித்த புண்ணியவான், மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் விட்டுவிட்டார். அவள் அடுப்பில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். நான் என் வீட்டுக்காரரை ஏசினால் அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். இரண்டு பேருமே பிழைக்க வந்தவர்கள். எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம், அவளுக்குச் சாத்தான்குளம். ஒரே பனியன் கம்பெனியில் வேலை, அவள் செக்கிங், நான் பேக்கிங். தைத்து வரும் பனியனை அவள் டியூப்லைட்டுக்குக் கீழே புரட்டிப் பார்த்து, ஓட்டையும் எண்ணெய்க் கறையும் உள்ளதை ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் என் மேஜைக்குத் தள்ளுவாள். அவள் தள்ளிய பனியனை நான் திரும்பப் பார்த்ததே இல்லை.

அவள் புருஷன் அந்தோணிராஜ் கட்டிங் மாஸ்டர். சம்பாத்தியமும் நன்றாக இருந்தது, குடியும் நன்றாக இருந்தது. ஒரு சாயங்காலம் பல்லடம் ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. அண்ணன்மார் வந்து ஊருக்குக் கூப்பிட்டார்கள். மதினிமார் அடுப்படியில் போய் நிற்பதற்கு இங்கே மெஷின் சத்தத்திலேயே நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் கொஞ்ச மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. யாரோ ஒருத்தி அவளை ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போனாள். அழுகை குறைந்து பாட்டு கேட்க ஆரம்பித்தது. நான் கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள். இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தப் பாட்டு எனக்குமே ஆறுதலாகத்தான் இருந்தது.

அவளுடைய சபையில் பெண்கள் நகை போடமாட்டார்கள். பொட்டுத் தங்கம் கூடாது. கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றி அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டு, காதில் வெறும் ஓட்டையோடு வந்து நின்றாள். மூளியாட்டம் இருக்கிறாயே என்று நான் ஏசினேன், அவள் சிரித்தாள். படைத்த பொரியைத் தின்னமாட்டாள், பூஜை நடக்கும் இடத்துக்குள் வரமாட்டாள். ஆனால் அதற்காக யாரையும் குறைத்துப் பேசியதும் இல்லை. எது நடந்தாலும் அவளிடம் ஒரு பேச்சுதான் உண்டு. கூரை ஒழுகினாலும், ஓவர்டைம் காசைப் பிடித்துக்கொண்டாலும், "அவருக்குத் தெரியும் சீனி" என்பாள், அவர் என்றால் அவளுடைய ஆண்டவர். சீனியம்மாளாகிய எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவருக்குத் தெரிந்து என்ன பிரயோசனம், சூப்பர்வைசருக்கு அல்லவா தெரியவேண்டும்.

எங்கள் கம்பெனி முதலாளி லிங்கசாமி உள்ளூர்க்காரர். தோட்டத்தில் பாதியை விற்று மெஷின் போட்டவர், யாரையும் 'ங்க' போடாமல் கூப்பிடமாட்டார். அவர் மனைவி செல்லாத்தாள், மகன் தரணீதரன், மகனுக்கு ஒரு சின்னப் பிள்ளை அக்ஷரா. பிள்ளை கம்பெனிக்கு வந்தால் விஜயராணி இடுப்பில்தான் இருக்கும். ராணிகிட்ட போறேன் என்று கை நீட்டும். இவளும் பனியனைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

போன ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டி, உள்ளே பூஜை நடந்தது. நாங்கள் எல்லாரும் உள்ளே இருந்தோம். விஜயராணி வழக்கம்போல வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். சாம்பிராணிப் புகையில் அக்ஷரா இருமி அழ ஆரம்பித்ததும், செல்லாத்தாள் பிள்ளையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தார். பூஜை முடிந்து பொரி கடலை வாங்கிக்கொண்டு நாங்கள் வெளியே வந்தபோது பிள்ளையின் வலது கையில் காப்பு இல்லை. தங்கக் காப்பு, தாய்மாமன் சீராகப் போட்டது.

மரத்தடியைக் கூட்டிப் பார்த்தோம், சாக்கடையைக் கிளறினோம். விஜயராணி நடந்ததை நடந்தபடி சொன்னாள். கொடுக்கும்போது கையில் காப்பு கிடந்தது, நடுவில் சின்னவர் வந்து பிள்ளையைக் கார் பக்கம் தூக்கிப்போய்த் திரும்பக் கொடுத்தார், அதற்கப்புறம் நான் கையைக் கவனிக்கவில்லை என்றாள். பனியனில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள் பிள்ளையின் கையைக் கவனிக்கவில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சின்னவர் என்றது தரணீதரனை. அவன் முகம் சிவந்துபோயிற்று. நான் மரத்தடிப் பக்கமே வரவில்லை, என் மேலேயே பழி போடுகிறாளா என்று குதித்தான். அந்த நிமிடத்திலேயே பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். தங்கம் போடாதவளுக்குத்தான் தங்கத்தின் மேல் ஆசை அதிகமிருக்கும் என்று ஓவர்லாக் மெஷின்காரி ஒருத்தி என் காதிலேயே சொன்னாள்.

லிங்கசாமி சத்தம் போடவில்லை. எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் பேசினார்.

"நான் ஆரையும் குத்தம் சொல்லலீங்க. போலீசுன்னு போனா நம்ம எல்லார்த்துக்கும் கேவலம். வெள்ளிக்கெழம கருப்பணசாமி கோயலுக்கு வந்து, எடுக்கலைன்னு சொல்லிச் சூடத்தை அணைச்சுப்போட்டுப் போயிருங்க. அதுக்கு மேல நான் கேக்க மாட்டனுங்க."

எங்கள் கருப்பசாமிக்கு இந்தப் பக்கத்தில் கருப்பணசாமி என்று பேர், அவர் முன்னால் சூடம் அணைப்பதுதான் இங்கே கோர்ட்டு. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் விவகாரம் முடிந்தது. பொய்யாக அணைத்தவனைச் சாமி பார்த்துக்கொள்ளும். அணைக்க மறுத்தவனை மனுஷர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் போனோம். தரணீதரன்தான் முதலில் அணைத்தான். முதலாளி மகனே அணைக்கிறான் பாரு என்று சனங்களுக்குப் பெருமை. டெய்லர்கள் அணைத்தார்கள், நான் அணைத்தேன், அயர்ன் மாஸ்டர் பழனிமுத்து அணைத்தார். கம்பெனியில் வேலை பார்க்கிற ஒடிசாக்காரர்களுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது, பிரசாதம் தருவார்கள் என்று நினைத்து வரிசையில் நின்று, கையைச் சுட்டுக்கொண்டு போனார்கள். விஜயராணி கோயில் வாசலுக்கு வெளியே நின்றாள்.

அவளுடைய சாமியை விட்டு வேறு சாமியிடம் வரமாட்டாள் என்று லிங்கசாமி புரிந்துகொண்டார். உங்கள் சாமி மேலேயே சத்தியம் பண்ணுங்கள், அது போதும் என்றார். நியாயமான பேச்சு. நானும் அவள் கையைப் பிடித்து, சொல்லித் தொலை என்று கிள்ளினேன். அவள் சபையில் சத்தியமே பண்ணக்கூடாதாம். எந்தச் சாமி மேலும் கூடாது, சொந்தச் சாமி மேலும் கூடாது.

"நான் எடுக்கலங்கய்யா. எடுக்கலன்னா எடுக்கலதான். அதுக்கு மேல சொல்லுததுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. லிங்கசாமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சரிங்க, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாஸ்டர் அவள் வீட்டுக்கு வந்தார். ஜெபவீடு நடக்கிற மாடி லிங்கசாமியின் பங்காளி ஒருவருடையது. பாஸ்டர் ரொம்ப நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர் என்றார். சில நேரம் சமாதானத்துக்காக ஒரு வார்த்தை சொல்வதில் தவறில்லை, முதலாளி முன்னால் கர்த்தர் சாட்சி என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்றார். சத்தியம் பண்ணக்கூடாதென்று நீங்கள்தானே பாஸ்டர் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று அவள் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அது வேறே, இது வேறே என்றார் அவர். அவள் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். சொல்லமாட்டேன் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினாள்.

அருள்புரத்தில் வேறு எந்தப் பனியன் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே, நீங்கதானே அந்தக் காப்பு என்று கேட்பார்கள். கடைசியில் வேஸ்ட் குடோனில் வேலை கிடைத்தது. கட்டிங்கில் மிச்சமாகிற துண்டுத் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள், நிறம் நிறமாகப் பிரிக்கவேண்டும். பஞ்சுத் தூசி மூக்கு, வாய், கண் இமை எல்லாவற்றிலும் ஏறும். சாயங்காலம் வரும்போது தலை நரைத்தவள் மாதிரி வருவாள். இருமல் பிடித்துக்கொண்டது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவளுக்குப் பாதிப் பாட்டிலேயே மூச்சு முட்டியது.

அதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். ஜெபவீட்டில் ஆராதனை நடக்கும்போது காணிக்கைப் பையை வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு போவது அவள் வேலை. புருஷன் செத்த பிறகு அவளை நம்பி ஓர் இடத்தில் ஒரு பொருளைக் கையில் கொடுத்தார்கள் என்றால் அது அந்தப் பைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பையை எடுக்க எழுந்திருக்கிறாள், அதற்குள் இன்னொருத்தி எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பை அவள் வரிசைக்கு வந்தபோது தன் காணிக்கையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரும் இல்லை, சாமியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு. அந்த மரத்தடியில நீரும்தான நின்னீரு. எனக்காக ஒரு வார்த்தை சொல்ல உமக்கு வாயில்லையா? என்னைய வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டு நீரும் தொறக்க மாட்டேங்கீரே." இப்படியே ரொம்ப நேரம். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இவளுக்கும் கோபம் வருகிறதே என்ற சந்தோஷம். பிறகு குழாயடியில் முகம் கழுவும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரசம் தாளிக்கிற வாசனை வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடியும் அதே ஜெபவீட்டுக்குப் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாளாம்.

நான் திட்டினேன். உனக்கு வெட்கமில்லையா, அவர்கள் மூஞ்சியில் போய் முழிக்கிறாயே என்றேன். "அவங்களைப் பாக்கவா நான் போறேன்?" என்று கேட்டாள். அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

தை கழிந்து மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் வீட்டில் பாதிப் பேர் சந்தைக்குப் போயிருந்த நேரம். எனக்குத் தலைவலி, கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தேன். பக்கத்து அறையில் செல்லாத்தாள் குரல் கேட்டது. காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். கையில் ஒரு பை நிறையத் தோட்டத்துத் தேங்காய்.

"பக்கத்து ஊட்டுல ஆரும் இல்லீங்களே?" என்று கேட்டார். கதவு சாத்தியிருக்கிறது, சந்தைக்குப் போயிருப்பாள் என்று விஜயராணி சொன்னாள். அவளுக்கும் நான் இருப்பது தெரியாது.

செல்லாத்தாள் அழுதார். காப்பை எடுத்தது தரணீதரன்தான். போனில் ஏதோ சீட்டாட்டமாம், கையில் இருந்ததெல்லாம் அதில் போய்விட்டதாம். பெற்ற பிள்ளையின் கைக் காப்பைக் கார் பக்கம் தூக்கிப்போய்க் கழற்றியிருக்கிறான். இப்போது அம்மாவின் சங்கிலியில் கை வைக்கும்போது பிடிபட்டு, அழுது, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறான். லிங்கசாமிக்கே தெரியாது.

"கருப்பணசாமி முன்னால பொய்யா அணைச்சுப்போட்டானுங்க ராணி. அதுலருந்து புள்ளைக்குக் காச்ச வந்து வந்து போவுதுங்க. நீங்க மனசு வெச்சு, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

இந்தப் பக்கம் நான் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். விஜயராணி கேட்டாள்.

"எம் பேரு, அம்மா?"

அவ்வளவுதான் கேட்டாள். இத்தனை மாதத்தில் தனக்கென்று அவள் கேட்ட ஒரே கேள்வி. செல்லாத்தாள் மூக்கைச் சிந்தினார். போகப் போகச் சனங்கள் மறந்துவிடுவார்கள் என்றார். விஷயம் குண்டடத்துச் சம்மந்தி வீட்டுக்குத் தெரிந்தால் மருமகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் வெளியே மட்டும் மூச்சு விடக்கூடாது என்றார். எனக்கு உள்ளங்கை எரிந்தது. சூடம் அணைத்த கை. என் கருப்பசாமியும் அந்த வெள்ளிக்கிழமை பார்த்துக்கொண்டுதானே நின்றார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சலைக் கொண்டுபோய் ஒன்றுமறியாத பிள்ளைக்கா கொடுப்பார் என்றும் கோபம் வந்தது. அன்று இரண்டு சாமிகளுமே எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தார்கள்.

விஜயராணி, "பிள்ளைக்கு இப்பவும் காச்சல் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றார் செல்லாத்தாள். முட்டி போட்டு அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணினாள். நடுவில் இருமல் வந்து நின்று நின்று பண்ணினாள். பிறகு, நான் உங்கள் மகனை மன்னித்துவிட்டேன், யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாள்.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க ராணி."

"சத்தியம் பண்ண மாட்டேம்மா. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்தான்."

"சத்தியம் பண்ணாம எப்படீங்க நம்பறது?"

மகனின் பொய்ச் சத்தியத்தை இத்தனை மாதம் நம்பியிருந்தவர் கேட்ட கேள்வி இது. செல்லாத்தாள் நம்பாமலேயே எழுந்து போனார். தேங்காயை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

செருப்புச் சத்தம் தெரு திரும்பியதும் நான் அவள் அறைக்குள் போனேன். என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். லூசா நீ, வா, இப்போதே கம்பெனி வாசலில் போய் நின்று சொல்லுவோம், பாஸ்டரிடம் சொல்லுவோம், அந்தப் பையைப் பிடுங்கினவளிடம் சொல்லுவோம் என்றேன். அவள் தேங்காய் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளையை அப்பன்கிட்டருந்து பிரிச்சு எம் பேரை வாங்கணுமா சீனி?"

அந்த அப்பன் பிள்ளை கையிலிருந்தே திருடினவன் என்றேன். தெரியும் என்றாள். உனக்கு வலிக்கவே இல்லையா என்று கேட்டேன். தேங்காயைக் கீழே வைத்தாள்.

"பையைக் கொடுக்காம விட்டாங்கல்ல, அன்னைக்கு நான் செத்துப்போனேன். அவருக்குத் தெரியும், அது போதும்னு இத்தனை வருசமா சும்மா வாயால சொல்லிக்கிட்டிருந்தேன். இப்பதான் போதுமான்னு என்னையவே கேட்டாரு."

"போதுமா?"

"போதுந்தான். மொதல்ல நானே நம்பல."

பொய் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பஞ்சுத் தூசி படிந்த முகம். ஆனால் அதில் புருஷன் செத்த அன்றைக்கு இருந்த பயம் இல்லை, கோயில் வாசலில் நின்றபோது இருந்த இறுக்கமும் இல்லை. இரண்டு கம்மல் ஓட்டையோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. அந்தச் சமாதானத்தை அவள் வாங்கிய விலை எனக்குத் தெரியும், அந்த விலையைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, அவளுடைய ஆண்டவருக்கும் கூட.

தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்தாள். எனக்கும் இரண்டு தோசை ஊற்றித் தந்தாள். தின்றேன். நல்ல தேங்காய்தான், அதில் குறை சொல்ல முடியாது. நீயும் யாரிடமும் சொல்லாதே என்றாள். நான் தோசையை மென்றுகொண்டிருந்தேன், ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்ஷராவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. செல்லாத்தாள் கருப்பணசாமிக்குப் பொங்கல் வைத்தார், கம்பெனியில் எல்லாருக்கும் கொடுத்தார்கள். தரணீதரன்தான் தன் கையால் பரிமாறினான். விஜயராணி இன்னும் வேஸ்ட் குடோனுக்குத்தான் போகிறாள். கடைசி வரிசையில்தான் உட்காருகிறாள். குழாயடிக்கு அவள் குடத்தோடு வந்தால், நிற்கிற பெண்கள் கழுத்துச் சங்கிலியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறார்கள். அவள் அதைப் பார்ப்பாள், குடத்தை நிரப்புவாள், இருமிக்கொண்டே வீட்டுக்கு வருவாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாதி மூச்சில் பாட்டு கேட்கும்.

அவள் கொடுத்த வார்த்தையை அவள் காப்பாற்றட்டும். என்னிடம் யாரும் வார்த்தை வாங்கவில்லை. காப்பை எடுத்தது விஜயராணி இல்லை, தரணீதரன். அவள் சொன்ன மாதிரி, எடுக்கலன்னா எடுக்கலதான். இதற்குச் சூடம் அணைக்கச் சொன்னால் நான் அணைக்க மாட்டேன்.